'குளுக்கோநியோஜெனிசிஸ்' – தமிழில் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கால்நடை ஊட்டவியல் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அசைபோடா விலங்குகளின் பட்டினியில் ஹார்மோன்களின் பங்கு' என்ற இயலில் ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன். இரை நின்றால் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனான இன்சுலின் இறங்கும், அதை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் ஏறும். கல்லீரல் முதலில் தன் இருப்பிலுள்ள கிளைக்கோஜனை (குளுக்கோஸின் சேமிப்பு வடிவம்) உடைத்து ரத்தத்துக்குக் குளுக்கோஸ் தரும். இருப்பு குறையக் குறைய, அமினோ அமிலம், லாக்டேட், கிளிசரால் இவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்வது கூடும். முன்னதற்கு 'கிளைக்கோஜன் சிதைவு' போதும். பின்னதுதான் குளுக்கோநியோஜெனிசிஸ்; அதற்கு என்ன?

மறுமொழி:
'சர்க்கரைப் புத்தாக்கம்' என்று எழுதுங்கள். ஹார்மோனையும் 'இயக்குநீர்' ஆக்கிவிடலாம். 1905-இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் கிரேக்க வேருக்கும் 'இயங்கத் தூண்டு' என்பதே பொருள்.

மறுமொழி:
ஐயா, இயக்குநீர் எனக்கும் பிடித்த சொல். ஆனால் 'புத்தாக்கம்' என்ற சொல்லை 'இன்னொவேஷன்' என்ற பொருளில் தொழில்துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தூய்மை பார்த்தால் சர்க்கரையே வடசொல். 'சர்க்கரா'வுக்குப் பருக்கைக்கல் என்றும் பொருள் உண்டு. கிரேக்கத்தின் 'சாக்கரான்' வரை போன சொல் அது. 'பட்டினிச் சர்க்கரையாக்கம்' என்றால் மாணவருக்கு உடனே புரியுமே?

மறுமொழி:
அது தவறாகிவிடும் அம்மா. மாடு வயிறு நிறையத் தின்றாலும் மாவுச்சத்தில் பெரும்பகுதி முன்வயிற்றிலேயே நொதித்துப்போகும். அதனால் அதன் கல்லீரல், அந்த நொதிப்பில் உண்டாகும் புரொப்பியோனேட் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து எப்போதும் குளுக்கோஸ் செய்துகொண்டே இருக்கும். பட்டினியில் இது கூடுவது பன்றி, நாய், எலி போன்றவற்றில்தான். 'பட்டினி' இயலின் தலைப்பில் இருக்கட்டும். அதை 'நோன்பு' என்றும் மாற்ற வேண்டாம்; நோன்புக்கு மனம் வேண்டும், இரை கிடைக்காத விலங்குக்கு அது பொருந்தாது. 'அசைபோடா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் சரிதான், ஆனால் முதலாண்டு மாணவருக்கு 'அசைபோடாத' எளிது.

மறுமொழி (இழையைத் தொடங்கியவர்):
வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கரும்பலகையில் கல்லீரலையும் தசையையும் வரைந்திருந்தேன். "தசையிலும் கிளைக்கோஜன் இருக்கிறதே, அதை ஏன் ரத்தத்துக்குத் தருவதில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். குளுக்கோஸை விடுவிக்கும் கடைசி நொதி தசையில் இல்லை. குளுக்ககானின் பேச்சும் அங்கே எடுபடாது. ஆனால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தசைப் புரதத்தை உடைக்க, அதிலிருந்து வரும் அலனின் என்ற அமினோ அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகிறது. இதைச் சொன்னதும் அவள் நோட்டில் 'வேற இடத்துச் சர்க்கரை' என்று எழுதிக்கொண்டாள். நமக்கு வேண்டியது அதுதான் என்று பட்டது. புதுமையைவிட மூலம் வேறு என்பதே முக்கியம். 'வேற்றுமூலக் குளுக்கோஸாக்கம்' என்று போடுகிறேன்.

மறுமொழி:
சரி, எனக்குச் சம்மதம்.

மறுமொழி:
நானும் ஏற்கிறேன். சொல்லடைவில் மூலச்சொல்லும் பக்கத்தில் இருக்கட்டும்.

மறுமொழி:
எனக்கு உடன்பாடில்லை. பாதிச் சொல் இன்னும் கிரேக்கமாகவே நிற்கிறது. குளுக்கோஸுக்கு முதலில் ஒரு தமிழ்ச்சொல் முடிவாகட்டும். தனி இழையில் எழுதுகிறேன்.