கோழிக்குஞ்சுப் பெட்டியில தாங்க முடியாத நாத்தம், குஞ்சுகளைக் குளிப்பாட்டலாமா?

கேள்வி:

வணக்கம். மூணு வாரக் குஞ்சுகள் 20 இருக்கு. மூணுக்கு மூணு அடிப் பெட்டி, மேல ஒரு குண்டு பல்பு, கீழ நியூஸ்பேப்பர். தினமும் காலையில பேப்பரை மாத்திடுறேன். ஆனாலும் சாயங்காலம் பெட்டிப் பக்கம் போனா மூக்கைப் பொத்த வேண்டியிருக்கு. ரெண்டு மூணு குஞ்சுக்குப் பின்னாடி எச்சம் காய்ஞ்சு ஒட்டியும் இருக்கு. வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டு எல்லாத்தையும் குளிப்பாட்டிடலாமா? சுண்ணாம்புத் தூள் தூவினா நாத்தம் போயிடும்னும் ஒருத்தர் சொன்னார். வளர்த்துப் பழகினவங்க சொல்லுங்க.

பதில் 1:

தயவுசெஞ்சு குளிப்பாட்டாதீங்க. இந்த வயசுல மேல் இறகு முழுசா மூடியிருக்காது. நனைஞ்சா உடம்புச் சூடு மளமளன்னு இறங்கி, குஞ்சு ஒடுங்கிப் போய் நிக்கும். அதுலயே செத்துப்போறதும் உண்டு. நாத்தம் குஞ்சு மேல இல்லைங்க, அதோட காலுக்குக் கீழ இருக்கு.

எச்சத்துல வெள்ளையா தெரியுதே, அது யூரிக் அமிலம். காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் பெரிசா வாடை வராது. ஈரம் பட்டதும் கிருமிகள் அதைச் சிதைச்சு அம்மோனியாவா மாத்திடும். மூக்கைக் குத்துறது அதுதான். அதனால எச்சத்தைத் துரத்துறதை விட ஈரத்தைத் துரத்துங்க.

பேப்பர் ஈரத்தைப் பெரிசா இழுக்காது, மேலேயே நிக்கும். சின்னக் குஞ்சுக்கு வழுக்கி, கால் அகண்டு போகவும் வாய்ப்பு உண்டு. அதை எடுத்துட்டு நெல் உமியோ மரச்சீவலோ ரெண்டு அங்குலம் பரப்புங்க. தேவதாரு மாதிரி வாசனை தூக்கலா இருக்கிற மரச்சீவல் மட்டும் வேண்டாம், அந்த நெடி குஞ்சோட மூச்சுக்கு ஆகாது. தினமும் ஒரு தடவை கையாலேயே கிளறி விடுங்க. ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடிச்சுக் கையைத் திறங்க. பொலபொலன்னு உதிர்ந்தா நல்லது. உருண்டையா நின்னா அந்த இடத்தை வாரி வெளியே போட்டுட்டுப் புதுசு போடணும். கை வைக்க வேண்டிய முதல் இடம் தண்ணிக் குடுவையைச் சுத்தி ஒரு சாண் வட்டம். ஈரம் சேர்றது பெரும்பாலும் அங்கதான்.

குடுவை தரையில இருக்கா? அப்படின்னா குஞ்சு அதுல ஏறி நிக்கும், கூளத்தைச் சீய்ச்சு உள்ளே தள்ளும், தண்ணி வழியும். குடுவையோட விளிம்பு குஞ்சோட முதுகு உயரத்துக்கு வர்ற மாதிரி ஒரு கட்டை மேல வைங்க. குஞ்சு வளர வளரக் கட்டையையும் உயர்த்துங்க. உள்பக்கம் வழவழன்னு பாசி மாதிரி பிடிக்கும், அதையும் தினமும் தேய்ச்சுக் கழுவணும்.

பல்பையும் பாருங்க. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கிட்டே வரணும். உங்களுக்கு இப்போ 29 பக்கம் போதும். சூடு அதிகமானா குஞ்சு வாயைத் திறந்து இளைக்கும், தண்ணியை நிறையக் குடிக்கும், எச்சம் தண்ணியா போகும். குஞ்சுகள் பல்பை விட்டு ஓரமா ஒதுங்கிப் படுத்தா பல்பைத் தூக்கிக் கட்டுங்க. பல்புக்கு அடியில முண்டியடிச்சா இறக்குங்க.

பின்னாடி ஒட்டியிருக்கிறதை விட்டு வைக்காதீங்க. வழி அடைச்சுப்போனா குஞ்சு எச்சம் போட முடியாம செத்துடும். பிடுங்கவும் கூடாது, தோலோட வந்துடும். மெல்லிய துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு, கை பொறுக்கிற சூட்டுல அது மேல ஒத்திப் பிடிங்க. ஊறி இளகினதும் தானா வழுக்கிட்டு வரும். அந்த இடத்தை மட்டும் ஈரம் போகத் துடைச்சுப் பல்புகிட்ட விடுங்க. முதல் வாரத்துல இது சகஜம். மூணாவது வாரத்துல திரும்பத் திரும்ப ஒட்டுதுன்னா சூட்டையும் கழிச்சலையும் சேர்த்துக் கவனிக்கணும்.

பதில் 2:

மேல சொன்னது அத்தனையும் சரி. சுண்ணாம்பு பத்தி மட்டும் நான் சொல்றேன். ஈரக் கூளத்துல சுண்ணாம்பு போட்டா காரத்தன்மை ஏறி, அம்மோனியா இன்னும் வேகமா வெளியேறும். குஞ்சு உள்ளே இருக்கிறப்போ வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் எச்சத்து மேல படவே கூடாது, அம்மோனியாவோட சேர்ந்தா விஷ வாயு வரும்.

இடமும் பத்தாது. நாலு வாரம் வரைக்கும் குஞ்சுக்கு அரை சதுர அடி கணக்கு, உங்க 9 சதுர அடியில 18 குஞ்சுக்குத்தான் இடம். நாலு வாரம் தாண்டினா ஆளுக்கு ஒரு சதுர அடியாவது வேணும்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி. குடுவை தரையிலதான் இருக்கு, இப்பவே கட்டை வச்சிடுறேன். ரெண்டு சந்தேகம். குளிருக்குப் பயந்து ராத்திரி பெட்டி மேல சாக்கு போட்டு முழுசா மூடுறேன், சரியா? நடுநடுவே காபித்தூள் நிறத்துல, பசை மாதிரி, ரொம்ப நாத்தமா ஒரு எச்சம் போகுது. அது நோயா?

பதில் 1:

முழுசா மூடாதீங்க. உள்ளே சேர்ற ஈரமும் அம்மோனியாவும் வெளியே போக வழி வேணும். குஞ்சு உயரத்துல காத்து அடிக்காம பக்கத்தை மறைச்சிட்டு, மேல பாதியைத் திறந்தே வைங்க. நின்ன இடத்துல மோந்து பார்த்தா தெரியாது. குனிஞ்சு உங்க முகத்தைக் குஞ்சு உயரத்துக்குக் கொண்டு போய் மூச்சு இழுங்க. கண் எரிஞ்சா குஞ்சுக்கு அது நாள் முழுக்க எரியுதுன்னு அர்த்தம். மூச்சுக்குழாய் புண்ணாகி, சளி நோய் சுலபமா தொத்திக்கும்.

அந்தப் பசை எச்சம் நோய் இல்லை. குடல்ல பை மாதிரி இருக்கிற குருட்டுக்குடல்கள் அப்பப்போ காலியாகும், ஏழெட்டு எச்சத்துக்கு ஒண்ணு அப்படிப் போறது இயல்பு. ஆனா எச்சத்துல ரத்தம் தெரிஞ்சு, குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கிட்டு தீனி எடுக்காம ஒரு மூலையில நின்னா, அது ரத்தக் கழிச்சலா இருக்கலாம். ஈரமும் சூடும் உள்ள கூளத்துல அந்தக் கிருமி முட்டைகள் ஓரிரு நாள்லயே தொத்துற பக்குவத்துக்கு வந்துடும். அப்படி ஒரு குஞ்சு கண்ணுல பட்டா அதைத் தனியா பிரிச்சு, கூளம் முழுசையும் மாத்திட்டு, அன்னிக்கே எச்சத்தோட கால்நடை மருத்துவர்கிட்ட போயிடுங்க.