உப்புக்காற்றில் நானோகம்பி: வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கிறேன், முதுநிலை இயற்பியல் ஆய்வுக்காகத் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகளை (முடியைவிடப் பன்மடங்கு மெல்லிய கம்பிகள்) வளர்த்துப் புற ஊதா உணரி செய்ய முயல்கிறேன். விதைப்படலம் (கம்பிகள் முளைக்கத் தொடக்கமாகும் மெல்லிய பூச்சு) பூசிய கண்ணாடியை ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்ஸமீனும் கலந்த கரைசலில் கவிழ்த்து, 90 டிகிரியில் 4 மணி நேரம் வைக்கிறேன். எக்ஸ்.ஆர்.டி.யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) 34.4 டிகிரியில் 002 முகடு, அதாவது படிகத்தின் நீள அச்சுத் திசையைக் குறிக்கும் முகடு, ஓங்கி நிற்கிறது. ஆக, கம்பிகள் நிமிர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

சிக்கல் ஒளியுமிழ்வில்தான் (மாதிரியை ஒளியால் தூண்டி, அது உமிழும் ஒளியை அளக்கும் சோதனை). 380 நானோமீட்டர் அருகே வர வேண்டிய புற ஊதா முகடு மங்கிக் கிடக்கிறது. படிகக் குறைபாடுகளால் வரும் பச்சை, மஞ்சள் ஒளியோ பெரிதாக எழும்புகிறது. கரைசலுக்கு எடுத்த தண்ணீரில் உப்பின் குளோரைடு இருந்து கெடுக்குமோ என்று சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன் (குளோரைடு இருந்தால் வெண்மையாகக் கலங்கும்), கலங்கவில்லை.

உணரியும் படுத்துகிறது. புற ஊதா விளக்கை அணைத்த பிறகு, ஒளியால் கூடிய மின்னோட்டம் இறங்கப் பல நிமிடங்கள் ஆகின்றன. ஒளி பட்டு விலகிய ஆக்சிஜன் கம்பியின் மேற்பரப்பில் மீண்டும் ஒட்டத் தாமதமாகிறது என்பது புரிகிறது. ஆனால் எங்கள் ஊர் ஈரக்காற்றின் மீதும் எனக்குச் சந்தேகம் (இங்கே இரும்புப் பூட்டே சீக்கிரம் துருப்பிடித்துவிடும்).

காற்றில் 400 டிகிரியில் பதப்படுத்தினால் பச்சை ஒளி குறையுமா? கடலோர ஊர்களில் இந்த மாதிரிகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? சிலிக்கா ஜெல் டப்பா போதுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது. அடுத்த வாரம் வழிகாட்டியிடம் முடிவுகளைக் காட்ட வேண்டும்.