குழந்தை பெற்றது அவள், லீவு அவனுக்கு எதற்கு? (புனைபெயரில் ஐந்து பேர் வாதாடுகிறார்கள்)

பட்டறைக்காரன்:
எங்கள் பட்டறையில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். போன வாரம் ஒரு பையன் வந்து, மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது, சம்பளத்தோடு ஒரு மாதம் லீவு வேண்டும் என்றான். நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பெரிய மெஷினுக்கு டூல் மாற்றி அளவு பார்த்து செட்டிங் போடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வராத நாளில் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் ஆர்டர் நிற்கும். ஒரு வாரம் எடுத்துக்கொள் என்றேன், முகம் சுருங்கிவிட்டது. பெற்றவளுக்கு உடம்பு தேற வேண்டும், லீவு வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. இவனுக்கு எதற்கு ஒரு மாதம்?

தூக்கம்கெட்டவன்:
அண்ணே, கேட்டதால் சொல்கிறேன். என் மனைவிக்கு சிசேரியன். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவர் நேராக எழுந்துவிட முடியாது. ஒருக்களித்துத் திரும்பி, ஒரு கையால் தையலை அழுத்திப் பிடித்து, மறு கையை ஊன்றி, காலைக் கீழே விட்டு, அப்புறம்தான் எழ முடியும். இதை ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும், பக்கத்தில் குழந்தை வீரிட்டுக்கொண்டிருக்கும்போது. தூக்கிக் கொடுக்க, தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்ட, ஈரத்துணி மாற்ற ஒரு ஆள் வேண்டாமா? என் ஆபீஸில் கொடுத்தது ஐந்து நாள். அதில் நான்கு ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டது.

நான்காவது மேசை:
எல்லாரும் முதலாளி, அப்பா என்று இரண்டே பேரைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குக் குழந்தை இல்லை. லீவில் போகிறவரின் வேலை எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? என் மேசைக்குத்தான் வருகிறது. போன வருடம் இரண்டு பேர் அடுத்தடுத்துப் போனார்கள், ஆறு வாரம் நான் வீடு திரும்பும்போது தெருவே தூங்கிப் போயிருக்கும். திரும்பி வந்து குழந்தை போட்டோ காட்டினார்கள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் அப்பா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது என் சொந்த லீவில் மூன்று நாள் போனேன், நான்காம் நாள் காலையிலேயே போன் வந்துவிட்டது. பிள்ளை பெற்றால்தான் குடும்பமா?

அடிக்குறிப்பு:
இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் போட்ட விதியில் குழந்தை பிறந்ததும் அப்பாவுக்கு, அல்லது அந்தந்த நாட்டுச் சட்டம் ஏற்கும் இரண்டாவது பெற்றோருக்கு, குறைந்தது 10 வேலைநாள் லீவு. அதே விதியில், நோயாளியான உறவினரைப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு 5 நாளும் உண்டு. உங்கள் கோபத்தை லீவில் போன அந்த இரண்டு பேர் மேல் காட்டாமல், மாற்று ஆள் போடாத நிர்வாகத்தின் மேல் காட்டுங்கள்.

பட்டறைக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கேள்வியை இடம் மாற்றிக் கேட்கிறார். லீவு வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, காசு யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் விஷயம். ஸ்வீடன் 1974 இலேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவாக லீவு கொடுத்தது. அந்தப் பணத்தை அந்தந்த முதலாளி தருவதில்லை, எல்லா முதலாளிகளும் கட்டும் பங்கிலிருந்து அரசுக் காப்பீடு தருகிறது. பிரிட்டனில் சட்டப்படியான இரண்டு வாரத் தொகையை முதலாளி கொடுத்தாலும், சிறு நிறுவனம் என்றால் முழுவதையும் மேலே சிறிது ஈட்டுத்தொகையையும் அரசிடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் சட்டம் மட்டும் போட்டால் ஒன்பது பேர் பட்டறைக்கு அது தண்டனைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு பிள்ளைக்காரி:
நான் பெண், ஆனாலும் இந்தத் தடவை பட்டறைக்காரர் பக்கம்தான். முதல் பிரசவத்தில் என் வீட்டுக்காரருக்கு மூன்று வாரம் கிடைத்தது. முதல் வாரம் ஓடி ஓடிச் செய்தார், பொய் சொல்லக் கூடாது. இரண்டாவது வாரம் "ஒரே ஒரு மெயில்" என்று லேப்டாப்பைத் திறந்தார். மூன்றாவது வாரம் அவருக்கும் சேர்த்து நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. லீவு கொடுத்தால் ஆள் தானாக அப்பா ஆகிவிடுவாரா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், குழந்தை பிறந்தால், ஆய்வுக் கட்டுரைகள் எழுதி நிரந்தர வேலைக்குத் தேற வேண்டிய கெடுவை ஆண் பெண் இருவருக்குமே ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். முன்னணிப் பொருளாதாரத் துறைகளைப் பார்த்து 2018 இல் வந்த ஆய்வு என்ன சொன்னது? ஆண்களுக்கு அந்த வேலை கிடைப்பது கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. அவள் பால் கொடுத்த நேரத்தில் அவன் கட்டுரை எழுதினான், வேறென்ன.

தூக்கம்கெட்டவன்:
உங்கள் வீட்டுக்காரர் லேப்டாப் திறந்ததற்கு என் லீவைப் பிடுங்குவது என்ன நியாயம் அக்கா?

அடிக்குறிப்பு:
அவர் சொல்லும் ஆய்வு உண்மைதான், ஆனால் அது கெடுவைத் தள்ளிவைத்த கதை, லீவு கொடுத்த கதையில்லை. லீவை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நார்வேயில் பெற்றோர் பகிர்ந்துகொள்ளலாம் என்று இருந்தவரை எடுத்த அப்பாக்கள் சொற்பம். 1993 இல் நான்கு வாரத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கி, எடுக்காவிட்டால் போச்சு என்றார்கள், சில வருடங்களில் பெரும்பாலானவர்கள் எடுத்தார்கள். ஜப்பானில் ஒரு வருடம்வரை எடுக்கச் சட்டம் இருந்தும் 2010 இல் எடுத்தவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. 2022 இல், பிள்ளை பிறக்கப்போகிறவரிடம் நிறுவனமே போய் "லீவு எடுக்கிறீர்களா" என்று கேட்டாக வேண்டும் என்று விதி வந்தது, அடுத்த வருடமே எடுத்தவர்கள் நூற்றுக்கு 30 ஐத் தொட்டார்கள். முதலாளியின் முகம் சுருங்கும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.

பட்டறைக்காரன்:
என் முகம் சுருங்கவில்லை சார், அவன் முகம்தான்.

தூக்கம்கெட்டவன்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. என் ஐந்து நாளும் முடிந்து வேலைக்குப் போய்விட்டேன். பத்தொன்பதாவது நாள் ராத்திரி மனைவிக்குக் குளிர் நடுக்கம். பால் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் கல்லாக இறுகிச் சிவந்து, காய்ச்சல் 103. காலையில் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு கேட்டால், உங்கள் கணக்கில் மிச்சமில்லையே என்றார்கள். சம்பளப் பிடித்தத்தோடு போனேன். எனக்குக் கேட்டால் ஒரே மூச்சில் ஒரு மாதம் வேண்டாம், தேவைப்படும் நாளில் எடுக்கிற மாதிரி கொடுங்கள்.

அடிக்குறிப்பு:
ஸ்வீடன் 2012 இல் இதைத்தான் செய்தது. முதல் வருடத்துக்குள் 30 நாள்வரை அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில், உதிரி உதிரியாகக்கூட எடுக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு தாய்மார்களுக்கு எழுதிக்கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் மனப்பதற்ற மாத்திரையும் குறைந்ததை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள்.

பட்டறைக்காரன்:
உதிரி நாளா? அதுதான் எனக்கு இன்னும் மோசம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இல்லை என்றால் ஆர்டரைத் தள்ளிவைக்கலாம். காலை ஏழு மணிக்குப் போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன் என்றால் நான் எங்கே போவேன்?

நான்காவது மேசை:
அவன் காய்ச்சலில் படுத்தாலும் ஏழு மணிக்குத்தானே போன் வரும்? செட்டிங் ஒருவனுக்குத்தான் தெரியும் என்றால் அது அவன் பிள்ளை பெற்ற குற்றமா? போகும் முன் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த மாதத்துக்கு ஏதாவது சேர்த்துக் கொடுங்கள், என் ஆபீஸ் மாதிரி இருக்காதீர்கள்.

பட்டறைக்காரன்:
சொல்லிக்கொடுத்தால் அந்த இன்னொருவன் கூடுதல் சம்பளத்துக்கு வெளியே போய்விடுவான், அது உங்களுக்குத் தெரியாது. சரி, பார்க்கிறேன். ஒரு வாரம் சேர்ந்தாற்போல், அப்புறம் பத்து நாள் உதிரியாக, முந்தின ராத்திரியே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் மட்டும் கிடையாது. பிரசவத் தேதி 23 என்றான், 20 வாக்கில் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

இரண்டு பிள்ளைக்காரி:
என் இரண்டாவது பதினொரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். நாளைக்கே பேசுங்கள்.