தர்மபுரி வீடு விற்பனை: புதுப்பிப்பு

பென்னாகரம் ரோட்டில் இருக்கும் அப்பாவின் பழைய வீட்டை பெயின்ட் அடித்துக் காட்டலாமா, அப்படியே காட்டலாமா என்று கேட்டிருந்தேன். முழுசாக அடிக்கவில்லை. மொட்டை மாடி விரிசலை அடைத்து, ஓதம் நன்றாகக் காய்ந்த பிறகு ஹாலுக்கு மட்டும் பட்டி பார்த்து அடித்தோம். ஈரத்தின் மேலேயே அடித்தால் மறுபடி உப்பிக்கொண்டு வரும்.

வந்தவர்கள் சுவரையா பார்த்தார்கள்? நேரே குழாயடிக்குத்தான் போனார்கள். நம்ம பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. "ஒகேனக்கல் தண்ணி வருதுங்களா?" இதுதான் முதல் கேள்வி. 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்பு இருந்ததால் பேச்சு மேலே நகர்ந்தது. குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பை, வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து அக்கா எடுத்துவிட்டாங்க. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் மேசைமேலேயே.

பாலக்கோட்டுக்காரர் ஒருவருக்குப் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் மட்டும் ஆடி கழியட்டும் என்கிறார்.