போருக்கு நடுவே ரத்தக்காட்டேரி: பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள்

கடைசி பெஞ்ச்:

ரத்தக்காட்டேரிப் படம் என்றால் மலைமேல் கோட்டை, கறுப்பு அங்கி, கோரைப்பல், கழுத்தில் இரண்டு புள்ளி என்று நமக்கெல்லாம் மனப்பாடம். இதில் ஒன்றுகூட இல்லாத ஒரு படம் என்னை இந்த வாரம் தூங்கவிடவில்லை. 1945-இல் வெளிவந்த 'ஐல் ஆஃப் தி டெட்'. தயாரித்தவர் வால் லூட்டன், இயக்கியவர் மார்க் ராப்சன், முக்கிய வேடத்தில் போரிஸ் கார்லாஃப். ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது. முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை நடப்பது 1912, முதல் பால்கன் போர். கார்லாஃப் ஒரு கிரேக்க ஜெனரல், பெயர் ஃபெரிடெஸ். முதல் காட்சியில் அவர் கை கழுவிக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு கர்னல். அவருடைய படை நேரத்துக்கு வந்து சேரவில்லை, அதுதான் குற்றம். ஜெனரல் திட்டவில்லை, கத்தவில்லை. மேஜைமேல் இருக்கும் கைத்துப்பாக்கியை அந்த ஆள் பக்கம் நகர்த்துகிறார், அவ்வளவுதான். கர்னல் அதை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே போகிறார். ஒரு வெடிச்சத்தம். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு முகம் வெளுத்துவிடுகிறது, ஜெனரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. படத்தில் நான் முதலில் பயந்தது இங்கேதான். பேயெல்லாம் இன்னும் ஊருக்குள்ளேயே வரவில்லை.

அன்று இரவு இருவரும் போர்க்களத்தைத் தாண்டி நடக்கிறார்கள். களைத்துப்போன சிப்பாய்களே பிணவண்டிகளை இழுக்கிறார்கள். தொற்று பரவிவிடக்கூடாதே என்று ராணுவ மருத்துவர் அவசரப்படுத்துகிறார். பக்கத்தில் ஒரு சின்னத் தீவு, அங்கே ஜெனரலின் மனைவி கல்லறை இருக்கிறது. படகில் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. தீவில் ஒரே ஒரு வீடு. சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அங்கே தங்கியிருக்கிறார்கள். மறுநாள் ஒருவர் சாகிறார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு பிளேக் என்கிறார். ஜெனரல் உடனே உத்தரவு போடுகிறார்: தீவை விட்டு ஒருவரும் கிளம்பக்கூடாது. தெற்கிலிருந்து சூடான சிராக்கோ காற்று வீசினால் நோய் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் செத்துவிடும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

காற்று வரவில்லை, சாவு வருகிறது. மருத்துவரும் போய்விடுகிறார். அறிவியல்மேல் ஜெனரலுக்கு இருந்த நம்பிக்கையும் அவரோடு போய்விடுகிறது. வீட்டில் கைரா என்று ஒரு கிழவி, ஆரம்பத்திலிருந்தே காதில் ஓதிக்கொண்டிருக்கிறாள்: இது நோய் இல்லை, வோர்வொலாக்கா. அது கிரேக்க நாட்டுப்புறத்தில் சொல்லப்படும் ரத்தக்காட்டேரி மாதிரி ஒன்று. அவள் கை காட்டுவது தேயா என்கிற இளம்பெண்ணை. உடம்பு முடியாத எஜமானியைக் கவனித்துக்கொள்ளும் பெண் அவள். எஜமானி நாளுக்கு நாள் வாடுகிறாள், இவள் மட்டும் செழிப்பாக இருக்கிறாள், வேறென்ன சாட்சி வேண்டும்?

சட்டம், ஒழுங்கு, சுகாதாரம் என்று பேசிய அதே மனிதர் அதே கறார் குரலில் காட்டேரி வேட்டைக்கு இறங்குகிறார். அவரிடம் எதுவும் மாறவில்லை. எதிரி மட்டும் மாறியிருக்கிறது. துப்பாக்கியை நகர்த்திய அந்தக் கைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

உங்களுக்கு இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா? போர் நடக்கும் காலத்தில் காட்டேரி வரும் படங்கள். பழசு, புதுசு எதுவானாலும் சரி.

மதுரை ரீல்:

அண்ணே, நீங்க இவ்வளவு சீரியஸாக ஆரம்பித்தால் நான் எப்படி வருவது? என்னுடையது கொஞ்சம் கூத்து. 'தி ரிட்டர்ன் ஆஃப் தி வாம்பயர்', கொலம்பியா கம்பெனி, 1943-இல் எடுத்த படம். நடிப்பது, டிராகுலாவாக நடித்துப் பேர் வாங்கிய பெலா லுகோசி. டிராகுலா உரிமை யுனிவர்சல் கம்பெனி கையில் இருந்ததால் இதில் அவர் பெயர் ஆர்மண்ட் டெஸ்லா. அங்கி அதே, பார்வை அதே, உச்சரிப்பும் அதே. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிய கடை!

1918-இல், முதல் உலகப்போர் நடக்கும்போது, லேடி ஜேன் என்கிற விஞ்ஞானியும் ஒரு பேராசிரியரும் டெஸ்லாவின் நெஞ்சில் முளை அடித்துப் புதைக்கிறார்கள். அடுத்த போர் வருகிறது. ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போடுகின்றன, ஒன்று அந்த இடுகாட்டில் விழுகிறது. கிளறிப்போன கல்லறைகளைச் சரிபண்ண வந்த இரண்டு தொழிலாளிகள் ஒரு பிணத்தின் நெஞ்சில் ஏதோ குத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள். பாவம், குண்டுச் சிதறல் போலிருக்கிறது என்று பிடுங்கிவிடுகிறார்கள். முடிந்தது கதை. இரக்கப்பட்டுச் செய்த காரியம்!

எனக்கு நிஜமாகவே சுருக்கென்றது அடுத்த விஷயம். டெஸ்லா ஊருக்குள் எப்படி நுழைகிறான் தெரியுமா? நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வரும் ஒரு விஞ்ஞானியைக் கொன்று, அவர் பெயரில் வருகிறான். அப்படித் தப்பி வந்த ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படத்தில் இப்படி ஒரு திருப்பம் வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணமா, அகதி என்று வருகிறவன்மேல் இருந்த பயமா, எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மற்றபடி, டெஸ்லாவின் வேலைக்காரன் ஓநாய் மனிதன், அவன் மூஞ்சியெல்லாம் முடியோடு காகிதப் பொட்டலம் ஒன்றைச் சுமந்துகொண்டு திரிகிறான். நான் சிரித்துவிட்டேன். காட்டேரியை எதிர்த்து நிற்பது ஒரு பெண் விஞ்ஞானி என்பதற்காகவே படத்துக்கு ஒரு சல்யூட். அந்தக் காலத்தில் பெண்கள் பெரும்பாலும் மயக்கம் போட்டு விழுவதோடு சரி.

கொக்குவிலான்:

மதுரை ரீல் சொன்ன படத்தை நானும் பார்த்தேன். பங்கருக்குள் இருந்து வளர்ந்த ஆள் நான், அதனால் குண்டு விழும் காட்சிகளை இப்படியான படங்களில் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் அந்த இரண்டு தொழிலாளிகளை நம்பினேன். சுற்றிவரக் கல்லறைகள் பிளந்து கிடக்கின்றன, அவர்கள் ஏதோ வழமையான வேலை மாதிரிக் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கட பக்கமும் அப்படித்தான். ஷெல் ஓய்ந்து வெளியே வந்த கையோடு யாராவது ஒருவர் பகிடி விடுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். படம் எடுத்தவர்கள் அதைத் தெரிந்து வைத்தார்களோ, நகைச்சுவைக்கு வைத்தார்களோ, எனக்குச் சரியாகத்தான் பட்டது.

பெர்லின் பனி:

கடைசி பெஞ்ச், நீங்கள் சொன்ன படத்தின் தீவை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஓவியமாக. படத்தின் தலைப்பும் அந்தத் தீவின் தோற்றமும் ஆர்னால்ட் பொக்லின் என்கிற சுவிஸ் ஓவியரிடமிருந்து வந்தவை. 1880-க்கும் 1886-க்கும் நடுவே அவர் அதே காட்சியை ஐந்து முறை வரைந்தார். மூன்றாவது, 1883-இல் வரைந்தது, இங்கே பெர்லினில் ஆல்டே நேஷனல்கேலரியில் தொங்குகிறது. 80 சென்டிமீட்டருக்கு 150, நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. செங்குத்தான பாறைகள், நடுவே கறுத்த சைப்ரஸ் மரங்கள், படகில் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம், முன்னால் சவப்பெட்டி. பக்கத்து அட்டையைப் படிக்காமல் ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் அதன் வரலாற்றைத் தேடினால், 1936-இல் அதை வாங்கியவர் ஹிட்லர். ஐந்தில் அவரிடம் இருந்தது இதுதான். லூட்டன் அந்தக் கல்லறைத் தீவைக் கலிஃபோர்னியாவில் செட் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போர் இன்னும் முடியவில்லை என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

'நோஸ்ஃபெராட்டு' என்கிற ஜெர்மன் மௌனக் காட்டேரிப் படம் பற்றி யாரும் பேசவில்லையே? கதை 1838-இல் நடக்கிறது, போர் எங்கேயும் இல்லை என்பீர்கள். ஆனால் எடுத்தவர்களில் முக்கியமான சிலர் போரிலிருந்து வந்தவர்கள். தயாரிப்பாளரும் கலை இயக்குநருமான அல்பின் கிராவ் முதல் உலகப்போரில் சிப்பாய். 1916 குளிர்காலத்தில் ஒரு செர்பிய விவசாயி தன் அப்பாவே செத்தும் சாகாதவராக அலைந்தார் என்று சொன்ன கதையிலிருந்துதான் யோசனை வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இயக்குநர் முர்னாவ் விமானப்படையில் இருந்தவர். 1922-இல் பெர்லினில் படம் வெளிவந்தபோது போர் முடிந்து நான்கு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் என்கிற கொள்ளைநோய் வேறு. ஆளில்லாத தெருவில் வரிசையாகச் சவப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரும் காட்சியை அன்று அரங்கில் இருந்தவர்கள் வெறும் கற்பனையாகவா பார்த்திருப்பார்கள்?

அந்தப் படம் எடுத்த ஊரைப் பார்க்க, ஜெர்மனியிலேயே இருக்கும் விஸ்மாருக்கு ரயில் ஏறிப் போனேன். காட்டேரி சவப்பெட்டியோடு நுழையும் துறைமுக வாசல் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் மீன் ரொட்டி விற்கிறார்கள். படத்தின் முதல் ஷாட், சந்தைச் சதுக்கத்தை மேலிருந்து பார்ப்பது, மரியன் தேவாலயக் கோபுரத்திலிருந்து எடுத்தது. 1945 ஏப்ரலில் குண்டு விழுந்து அந்தத் தேவாலயம் சிதைந்தது. மிச்சம் நின்ற சுவர்களை 1960-இல் கிழக்கு ஜெர்மன் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. இன்று கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது, கீழே தேவாலயம் இருந்த இடம் வெறும் திறந்தவெளி. ஊரை அழித்தது காட்டேரி இல்லை.

மதுரை ரீல்:

அக்கா, கலக்கிட்டீங்க. ஆனால் முதல் படத்தைப் பற்றி ஒரு சந்தேகம். பிளேக்தான் எல்லோரையும் கொல்கிறது என்றால், அந்தப் படத்தில் காட்டேரியே இல்லையா? டிக்கெட் எடுத்து உள்ளே போனவன் சண்டைக்கு வரமாட்டானா?

கடைசி பெஞ்ச்:

அங்கேதான் லூட்டனின் வேலை. தேயாவின் எஜமானிக்குக் கட்டையாகி விறைத்துப்போகும் ஒரு நோய் உண்டு, மூச்சுகூடத் தெரியாது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய வாழ்நாள் பயம். ஒருநாள் விறைத்துப்போகிறாள், செத்துவிட்டாள் என்று பெட்டியில் வைத்துக் கல்லறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். ராத்திரி கேமரா அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நிற்கிறது. தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு உள்ளேயிருந்து பிறாண்டும் சத்தம், அப்புறம் ஓர் அலறல். வெளியே வருகிறவள் முழுப் பைத்தியம், வெள்ளை உடையில், கையில் ஒரு சூலம். கைராவையும் ஜெனரலையும் அவள்தான் குத்துகிறாள். ஜெனரல் பார்த்ததெல்லாம், புதைத்தவள் எழுந்து வந்திருக்கிறாள் என்பதுதான். தான் சொன்னது சரி என்று நம்பிக்கொண்டே சாகிறார். அதற்குள் காற்றும் திரும்பிவிட்டது.

கார்லாஃபுக்கு இந்தப் படம் நடக்கும்போது முதுகு ரொம்ப மோசம். 1944 ஜூலையில் தொடங்கிய படப்பிடிப்பு நடுவில் நின்றுபோய், அவருக்கு அறுவை சிகிச்சை நடந்து, டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் அதே லூட்டனுக்கு இன்னொரு படமும் நடித்துக் கொடுத்துவிட்டார். ஜெனரல் அந்த வீட்டுக்குள் நடக்கும் விதத்தில் ஒரு விறைப்பு இருக்கும், பார்க்கும்போது கவனியுங்கள்.

கொக்குவிலான்:

அந்தக் கர்னல் ஏன் துப்பாக்கியை எடுத்தார்? திருப்பிச் சுட்டிருக்கலாமே.

கடைசி பெஞ்ச்:

அண்ணா, கர்னலும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

மதுரை ரீல்:

சரி, இன்று ராத்திரி பார்த்துவிடுகிறேன். ஹெட்போன் போட்டா, போடாமலா?

கடைசி பெஞ்ச்:

போட்டுத்தான் பாருங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் பெட்டிக்குள் பிறாண்டுவது சரியாகக் கேட்காது.