உடையாத கிழக்கு ஜெர்மனி டம்ளர்: போட்டியே இல்லாத நாட்டில் இதை யார் யோசித்தார்கள்?

பெர்லின்_குமரன் கேட்டது:

பெர்லின் வந்து மூன்று வருடம் ஆகிறது. போன ஞாயிறு மவர்பார்க் பழைய சாமான் சந்தையில் ஆறு கண்ணாடி டம்ளர் வாங்கினேன். பார்க்க நம்ம ஊர் டீக்கடை கிளாஸைவிடச் சாதாரணம். விற்ற பாட்டி ஒன்றை எடுத்து மேஜை விளிம்பில் நச்சென்று தட்டிக் காட்டினார். "டே-டே-எர்" என்று சொன்னார், அதாவது பழைய கிழக்கு ஜெர்மனி. பேரம் பேச விடவில்லை. அன்று இரவே ஒன்று கைநழுவிச் சமையலறைத் தரையில் விழுந்தது. இரண்டு முறை துள்ளி, ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை.

கல்லூரியில் எங்களுக்குப் பொருளாதாரம் எடுத்தவர், "எல்லாவற்றையும் அரசே திட்டம் போட்டுச் செய்கிற நாட்டில் புதுசாக எதுவும் வராது, போட்டி இல்லாத இடத்தில் எவன் மெனக்கெடுவான்?" என்பார். அப்படியென்றால் இந்த டம்ளர் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

டிரெஸ்டன்_பழையமாணவன்:

தம்பி, அந்த டம்ளரை நான் ஆயிரக்கணக்கில் கழுவியிருக்கிறேன். 1983ல் லைப்சிக் ஹெர்டர் நிறுவனத்தில் ஜெர்மன் படித்துவிட்டு டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். விடுதிக்குப் பக்கத்தில் மாணவர் மன்றம் ஒன்று இருந்தது, சனிக்கிழமை இரவில் பீர் கிளாஸ் கழுவினால் நாலு மார்க்கும் வயிறாரச் சாப்பாடும் கிடைக்கும். முதல் நாள் ஒரு தட்டு கிளாஸை அப்படியே கீழே போட்டுவிட்டேன். வேலை போச்சு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கூட நின்ற அம்மா, "பொறுக்கு, கழுவு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எட்டில் எட்டும் முழுசாக இருந்தன.

அதன் பெயர் சூப்பர்ஃபெஸ்ட். ஆரம்பத்தில் செவரிட் என்று வைத்திருந்தார்கள். டிரெஸ்டனுக்கு வடக்கே ஷ்வெப்னிட்ஸ் என்று சின்ன ஊர், அங்கேதான் 1980லிருந்து 1990 வரை செய்தார்கள். மொத்தம் 12 கோடி கிளாஸ் போல வெளியே வந்ததாகக் கணக்கு. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பார், சிக்கிக்கொள்ளாது. கழுவுகிறவன் கஷ்டம் தெரிந்த யாரோ வரைந்திருக்கிறார்.

சூட்சுமம் இதுதான். சாதாரணக் கண்ணாடியின் மேல்தோலில் சோடியம் இருக்கும். சூடான பொட்டாசியம் உப்பு அதன்மேல் பட்டால் சோடியம் வெளியேறி அந்த இடத்தில் பொட்டாசியம் உட்காரும். பொட்டாசியம் உருவில் பெரியது. பஸ்ஸில் ஒல்லியான ஆள் எழுந்த சீட்டில் பருமனான ஆள் உட்கார்ந்தால் வரிசை முழுக்க நெருக்குமே, அதே நெருக்கம்தான். மேல்தோல் முழுக்க இறுகி நிற்பதால் சின்னக் கீறல் விழுந்தாலும் அது வாய் பிளக்க முடியாது. கண்ணாடி உடைவதே கீறல் வாய் பிளப்பதால்தான்.

ஏன் செய்தார்கள் என்பதுதான் உன் கேள்வி. பார், கேன்டீன், ஓட்டல் பெரும்பாலும் அரசுடையவை. உடைகிற கிளாஸுக்கு ஈடாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், போதவில்லை. இன்னும் கண்ணாடி உருக்க எரிபொருள் வேண்டும், மூலப்பொருள் வேண்டும், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. செய்த செலவும் உடைந்த நஷ்டமும் ஒரே கல்லாப்பெட்டியில் விழுந்தன. அதனால் உடையாத கிளாஸ் என்பது அவர்களுக்கு லாபக் கணக்கு. அதே நம்ம ஊர் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய்ச் சொல்லிப் பார், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

உலைக்களம்:

ஐயா சொல்வது சுவாரசியம்தான், ஆனால் நான் இருபது வருடமாகக் கண்ணாடி ஆலையில் வேலை பார்க்கிறவன், ஒரு திருத்தம். சோடியத்தை எடுத்துப் பொட்டாசியத்தை வைக்கிற இந்த அயனி மாற்று வேலையைக் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் கார்னிங் கம்பெனி 1962லேயே கெம்கார் என்ற பெயரில் செய்து காட்டிவிட்டது. இன்று செல்போன் திரையில் இருப்பதும் அதே வித்தைதான். முதலாளித்துவ நாட்டில் வந்த சரக்கைப் பொதுவுடைமைக் கணக்கில் எழுதாதீர்கள்.

டிரெஸ்டன்_பழையமாணவன்:

சரி, ஒத்துக்கொள்கிறேன், கண்டுபிடிப்பு கார்னிங்குடையது. ஆனால் 1971ல் அவர்களே அதை ஓரங்கட்டினார்கள், போதுமான விற்பனை இல்லை. திரும்ப எடுத்தது ஐஃபோன் வந்தபோது. நடுவில் பத்து வருடம் முழுசாக அதைப் பீர் குடிக்கும் கிளாஸில் போட்டு ஊர் ஊராக அனுப்பியது ஷ்வெப்னிட்ஸ். மேற்கே விற்கவும் பார்த்தார்கள், வியாபாரிகள் எடுக்கவில்லை. ஒருமுறை வாங்கினால் திரும்ப வராத வாடிக்கையாளரை வைத்து யார் கடை நடத்துவார்கள்? இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த 1990ல் உற்பத்தி நின்றது.

அதற்காக அந்த ஏற்பாட்டுக்கு நான் கொடி பிடிக்கவில்லை. நஷ்டம் அரசுக்கு என்றால் மூளை வேலை செய்யும். கஷ்டம் ஜனங்களுக்கு என்றால்? கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடான நாட்டில் பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தி டியூரோபிளாஸ்ட் என்று கார் உடம்பு செய்தார்கள். 1950களில் அது கெட்டிக்காரத்தனம்தான். அப்புறம்? 1957ல் ஸ்விக்காவ் ஆலையில் தொடங்கிய கார் 1991 வரை கிட்டத்தட்ட அதே காராகவே வந்தது. பின்கதவு வைத்த புது மாடல் ஒன்றை ஆலைப் பொறியாளர்கள் பி603 என்று செய்தும் வைத்திருந்தார்கள், 1968ல் மேலிடம் நிறுத்திவிட்டது. காத்திருப்புப் பட்டியல் பத்து வருடத்துக்கு மேல். காத்திருக்கிறவன் கல்லாவில் இருந்து எதுவும் போகவில்லையே, யாருக்கு அவசரம்?

இன்னொன்று காபி. பிரேசிலில் 1975ல் பனி விழுந்து செடியெல்லாம் கருகியது, உலகம் முழுக்க விலை ஏறியது. டாலர் மிச்சம் பிடிக்க 1977ல் காஃபே-மிக்ஸ் என்று ஒன்றை இறக்கினார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல் காபி, மீதி சிக்கரி, கோதுமை மாதிரியான ரை தானியம், பட்டாணி எல்லாம். நமக்குச் சிக்கரி குற்றமே இல்லை, என் அம்மா கால் பங்கு போடுவார். ஆனால் பட்டாணி! அந்த மாவு காபி மெஷினின் குழாயை அடைத்துக்கொண்டது. நான் அங்கே போவதற்குள் அந்தச் சரக்கைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கிளாஸ் கழுவும் அம்மா அடிக்கடி அதைச் சொல்லித் திட்டுவார். மேற்கு ஜெர்மனியின் யாகோப்ஸ் குரோனுங் காபியையும் தலைவர் எரிஷ் ஹோனெக்கரையும் சேர்த்து "எரிஷ்ஸ் குரோனுங்", அதாவது எரிஷின் முடிசூட்டு, என்று ஊரே கேலி செய்ததாம். ஜனங்கள் புகார்க் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அங்கே கடையில் போய்க் கத்திப் பயனில்லை. கடிதம் எழுதினால்தான் பதில் வரும், அதற்குச் சட்டமே இருந்தது.

வசந்தி_தூத்துக்குடி:

அண்ணா, என் மாமனார் கப்பலில் வேலை பார்த்தபோது ரோஸ்டாக் துறைமுகத்தில் வாங்கி வந்த ஒரு பை இன்னும் வீட்டில் இருக்கிறது. மடித்தால் கைக்குட்டை அளவு, விரித்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். பூப்போட்ட வழவழப்பான துணி. இதுவும் அவர்கள் சரக்கா?

டிரெஸ்டன்_பழையமாணவன்:

அதேதான் தங்கச்சி, டெடரான் பை. நைலான் வகை இழை. டே-டே-எர் என்ற எழுத்துகளை இழுத்து டெடரான் என்று 1959ல் பெயர் வைத்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அதே துணியில் ஏப்ரன் போட்டிருப்பார்கள். வியர்த்தால் உடம்போடு ஒட்டும், துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். எல்லாரும் கைப்பையில் அந்தப் பையை மடித்து வைத்திருப்பார்கள். எந்தக் கடையில் எப்போது ஆரஞ்சு வரும் என்று யாருக்குத் தெரியும்? வரிசையைப் பார்த்தால் முதலில் போய் நிற்பார்கள், என்ன சரக்கு என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

பெர்லின்_குமரன்:

ஐயா, நன்றி. ஒரு கெட்ட செய்தி. நேற்று சிங்க்கில் போடும்போது ஒன்று குழாய் முனையில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான், பொடிப்பொடியாகப் போய்விட்டது. தரையில் விழுந்து துள்ளியதும் அதேதான் என்று நினைக்கிறேன்.

டிரெஸ்டன்_பழையமாணவன்:

விளிம்பில் பழைய சில்லு ஏதாவது இருந்ததா? அந்த இறுக்கம் மேல்தோலில் மயிரிழை ஆழத்துக்குத்தான். அதைத் தாண்டிக் கீறல் இறங்கியிருந்தால் கதை முடிந்தது. மீதி ஐந்தையும் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்.

பெர்லின்_குமரன்:

பார்த்தேன். ஒன்றில் இருக்கிறது, நகம் மாட்டுகிறது. அதில் பேனா போட்டு வைத்துவிட்டேன்.