பழைய டிங்டாங் மணியோடு வீடியோ டோர்பெல் சேருமா?

மாட்டுங்காவிலிருந்து:
அம்மாவுக்கு 78 வயது. கைப்பேசி ஒலித்தால் காதில் விழாது. ஆனால் பழைய டிங்டாங் மணி அடித்தால் அடுப்படியிலிருந்தே "யாரு?" என்பார். புது வீடியோ டோர்பெல்லை அழுத்தினாலும் அந்த மணிதான் அடிக்க வேண்டும். சுவிட்ச் இருந்த இரண்டு ஒயரில் நேராக மாட்டலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம் சார். நம் காலிங் பெல் ஒயரில் வருவது பெரும்பாலும் 230 வோல்ட். ஒயர் வகை டோர்பெல்கள் பல 16 முதல் 24 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கானவை. மாட்டினால் கருகிவிடும்.

செம்பூரிலிருந்து:
நாங்கள் வோல்ட்டைக் குறைக்கும் பெல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, மணியையும் குறைந்த வோல்ட் மணியாக மாற்றினோம். உள்ளே அதே கம்பிச்சுருள், அதே தண்டு. அழுத்தினால் டிங், விட்டால் டாங். முதல் நாள் மணி சும்மாவே உர்ரென்று முனகியது. கேமராவுக்குப் போகும் மின்சாரம் சுருள் வழியாகப் போனதுதான் காரணம். டோர்பெல்லோடு வந்த சின்னப் பெட்டியை மணியின் இரு முனைகளிலும் இணைத்த பிறகுதான் அடங்கியது.

மாட்டுங்காவிலிருந்து:
மணியின் பின்புறம் பார்த்தேன், 230 என்றே இருக்கிறது. நல்லவேளை கேட்டேன்! ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். அதற்குள் அம்மாவையே லோஹார் சால் மின்சாதனக் கடைகளுக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு மணியாக அடித்துக் காட்டச் சொல்லி வாங்கப்போகிறேன்.